சித்திரம் எதைக் கேட்டு வரையப்பட்டது? இடைக்கால ரொமான்ஸ் சுவடிகளைப் பார்க்கத் தொடங்குவோருக்கு

ஐரோப்பிய இடைக்காலச் சுவடி ஒன்றைத் திரையில் திறந்தால் கண் முதலில் படத்துக்குத்தான் போகும். தங்கம் மின்னும், நீலம் இழுக்கும். அடுத்து பக்கத்தில் இருக்கும் வரிகளை எழுத்துக் கூட்டிப் படிப்போம். "கதையில் இப்படி இல்லையே, ஓவியர் தப்பாகப் போட்டுவிட்டாரே" என்று தோன்றும். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பட்டறையில் வேலை பார்த்த ஓவியர் பலருக்குக் கதையை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வாய்ப்பே இருக்கவில்லை. அவர் கையில் இருந்தவை எழுத்தர் காலியாக விட்டுவைத்த ஒரு கட்டம், அதன் தலைமாட்டில் ஒரு சிவப்பு வரி (சிவப்பு மையில் எழுதிய தலைப்பு), சில சமயம் ஓரத்தில் ஒரு பொடிக் குறிப்பு, பட்டறையில் தலைமுறையாகப் புழங்கிய மாதிரிப் படங்கள். ஆகவே "படம் கதைக்குப் பொருந்துகிறதா?" என்று கேட்பதைவிட, "இந்தப் படம் எதைக் கேட்டு வரையப்பட்டது?" என்று கேளுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகள்.

ரொமான்ஸ் என்ற சொல் இங்கே காதல் கதையை மட்டும் குறிக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டு முதல் லத்தீனை விட்டு பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் போன்ற மக்கள் மொழிகளில் எழுதப்பட்ட, வீரமும் பயணமும் காதலும் மாயமும் கலந்த நெடுங்கதை அது. முதலில் செய்யுளில் வந்தது, பிறகு உரைநடையிலும் வந்தது.

முதல் படி: ஒரே ஒரு சுவடியை எடுங்கள்

எடுத்த எடுப்பில் பத்துச் சுவடிகளைப் புரட்ட வேண்டாம். தொடங்குவதற்கு ஏற்ற நூல் 'ரோமான் டி லா ரோஸ்', அதாவது ரோஜாவின் கதை. ஓர் இளைஞன் கனவில் ஒரு தோட்டத்துக்குள் போய் அங்கே கண்ட ரோஜாவைக் காதலிக்கிறான்; பண்புகளும் உணர்வுகளும் ஆட்களாக வந்து பேசும். கியோம் டி லோரிஸ் 1230 வாக்கில் ஏறக்குறைய 4,000 வரி எழுதினார். நாற்பது ஆண்டு கழித்து ழான் டி மன் மேலும் 17,700 வரி சேர்த்தார். 300க்கும் மேற்பட்ட பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன, அவற்றில் பெரும்பகுதி படம் உள்ளவை. பாரிசில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளத்திலும், அந்த நூலகமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் ரோஜா மின்னூலகத்திலும் முழுச் சுவடிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தின் படங்கள் 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் இணையத்திலிருந்து மறைந்து, கட்டம் கட்டமாகத் திரும்பி வருகின்றன. அங்கே தேடியது கிடைக்கவில்லை என்றால் சுவடியே படமெடுக்கப்படவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆர்தர் அரசன் கதைகளில் ஆரம்பிக்க ஆசையாக இருக்கும். ஆனால் அங்கே ஒரு சிக்கல். கிரேத்தியன் டி த்ருவா 12ஆம் நூற்றாண்டில் எழுதிய செய்யுள் கதைகளுக்குப் பழைய பிரதிகளில் படம் மிகக் குறைவு. ப்ரோவன் நகரில் கடை வைத்திருந்த கியோ என்ற எழுத்தர் 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எடுத்த புகழ்பெற்ற பிரதியில் (பிரான்ஸ் தேசிய நூலகம், சுவடி எண் பிரெஞ்சு 794) ஒரே ஒரு முதலெழுத்துக்குள்தான் மனித உருவம் இருக்கிறது: ஷாம்பாஞ் சீமாட்டியைக் குறிப்பிட்டுத் தொடங்கும் கதையின் முதல் எழுத்துக்குள் நிற்கும் ஒரு பெண். ஆர்தர் கதைகளில் படம் வெள்ளமாக வருவது 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, ஆர்தரின் வீரன் லான்ஸலாட்டைச் சுற்றிய பெரிய உரைநடைக் கதைத்தொகுதியில்தான். அது இரண்டாவது சுவடியாக இருக்கட்டும்.

இரண்டாம் படி: பக்கத்தை அளந்துகொள்ளுங்கள்

தோல்தாள் சுவடிகளில் எண் பக்கத்துக்கு இல்லை, தாளுக்குத்தான். ஒரு தாளுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு. பட்டியல்களில் எண்ணுக்குப் பின்னால் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் முன்பக்கம், 'வி' என்றால் பின்பக்கம். சில சுவடிகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் ஒரே தாளில் இருக்கும். எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று முதலிலேயே குறித்துக்கொள்ளாவிட்டால் பிறகு திண்டாட்டம்தான்.

அடுத்து ஒரு பக்கத்தில் எத்தனை பத்தி (மேலிருந்து கீழாக ஓடும் வரிநிரல்), பத்திக்கு எத்தனை வரி என்று எண்ணுங்கள். பக்கத்துக்கு 2 பத்தி, பத்திக்கு 40 வரி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 80 வரி, தாளுக்கு 160. ரோஜாக் கதை மொத்தம் ஏறக்குறைய 21,750 வரி. 160ஆல் வகுத்தால் 136 தாள். எட்டுத் தாள் கொண்ட கட்டுகளாகத் தைத்தால் 17 கட்டு.

அச்சுப் பதிப்பு ஒன்றில் 4,058ஆம் வரியோடு கியோமின் பகுதி முடிகிறது. சுவடியில் அந்த இடம் எங்கே? 25 தாளுக்கு 4,000 வரி போய்விட்டது, எனவே 26ஆம் தாளில் இருக்க வேண்டும். போய்ப் பார்த்தால் இருக்காது. ஏனென்றால் அதற்குமுன் வரும் படங்களும் இடத்தைத் தின்றிருக்கும். படம் ஒன்று பத்தி அகலத்தில் 10 வரி உயரம் என்றால், 25 படத்துக்கு 250 வரி போய்விடும், அதாவது ஒன்றரைத் தாள். சிவப்பு வரிகளையும் சேர்த்தால் 27 முதல் 29 வரை தேடுங்கள், அகப்படும். இந்தக் கணக்கு கைவந்துவிட்டால் பழைய பிரெஞ்சு சரளமாக வராதவர்களும் கதையில் தாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாம் படி: படத்துக்கு முன்னால் சிவப்பு வரி

எழுத்தர் கறுப்பு மையில் கதையை எழுதிக்கொண்டே போவார். படத்துக்கும் பெரிய முதலெழுத்துக்கும் இடம் விடுவார். பிறகு அவரோ வேறொருவரோ சிவப்பு மையில் தலைப்பு வரிகளைச் சேர்ப்பார்கள். அதன் பிறகே ஓவியர். அவர் முதலில் கோடு இழுத்து, தங்கத் தகட்டை ஒட்டி, நாய்ப் பல்லாலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்துப் பளபளப்பாக்கி, அதற்குப் பிறகுதான் வண்ணம் தொடுவார். வண்ணத்தை முதலில் பூசினால் தேய்க்கும்போது அது கெட்டுவிடும். தங்கம் வைத்து வண்ணம் இல்லாமல் நின்றுபோன படங்களைச் சில சுவடிகளில் காணலாம். வேலை எந்த இடத்தில் நின்றது என்று அவையே சொல்லும்.

சிவப்பு வரி பெரும்பாலும் 'கொமோன்' (எப்படி) அல்லது 'என்ஸி' (இவ்வாறு) என்று தொடங்கும்: இன்னார் இன்னாரோடு எப்படிப் போரிட்டான், இவ்வாறு அரசன் விருந்தில் அமர்ந்திருக்கிறான். எழுத்தைச் சுருக்கி, மேலே ஒரு சின்னக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு விட்டுப்போன 'ம்' அல்லது 'ன்'. இந்த ஒரு வரியை மட்டும் முழுதாகப் படியுங்கள். பிறகு கதையை மறந்துவிட்டு, இந்த வரியை மட்டும் கேட்டால் என்ன வரைவோம் என்று யோசித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். கதையோடு ஒட்டாத படம் இந்த வரியோடு கச்சிதமாக ஒட்டுவதை அடிக்கடி காண்பீர்கள். "தப்பு" என்று நினைத்தது அப்போது மறைந்துவிடும்.

ரோஜாக் கதையில் சிவப்பு வரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. யார் பேசுகிறார் என்று அதுதான் சொல்லும்: காதலன், பகுத்தறிவு, ஆசிரியர். கதை முழுவதும் 'நான்' என்றே போகிறது. கனவு காணும் இளைஞனா, அதை எழுதும் ஆசிரியனா என்பதைப் பல இடங்களில் சிவப்பு வரிதான் பிரித்துக் காட்டுகிறது.

கியோம் நிறுத்திய இடத்தை மீண்டும் பாருங்கள். செய்யுள் அங்கே நிற்பதே இல்லை. காதலன் புலம்பிக்கொண்டிருக்கிறான், புலம்பல் அப்படியே தொடர்கிறது; ஆசிரியர் மாறியதாக ஒரு சொல் இல்லை. இரண்டு ஆசிரியர்களின் பெயரும் ஏறக்குறைய 6,000 வரி தள்ளி, காதல் தெய்வத்தின் பேச்சில்தான் வருகிறது. ஆனால் பல சுவடிகளில் இந்தச் சந்திப்பில் ஒரு சிவப்பு வரி, கூடவே மேசை முன் அமர்ந்து எழுதும் ஒருவரின் படம். கதை மறைத்து வைத்ததைப் பக்கம் சொல்லிவிடுகிறது. எழுத்தும் சித்திரமும் எப்படி உறவாடுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: தாளை மனதில் பிரித்துப் போடுங்கள்

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஓவியர் வேலை செய்தபோது சுவடி நூலாகத் தைக்கப்பட்டிருக்கவில்லை. எட்டுத் தாள் கட்டு என்பது நான்கு விரிதாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தது. வெளியே இருக்கும் விரிதாளில் 1ஆம் தாளும் 8ஆம் தாளும் ஒட்டியிருக்கும். அடுத்தடுத்து 2-7, 3-6, 4-5. ஓவியரின் மேசையில் 2ஆம் தாளும் 7ஆம் தாளும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். இடையில் உள்ள நான்கு தாள் கதை வேறெங்கோ காய்ந்துகொண்டிருக்கும்.

இதைக் கண்ணாலேயே பார்க்க பிரான்ஸ் தேசிய நூலகத்தின் பிரெஞ்சு 25526ஐத் திறங்கள். 14ஆம் நூற்றாண்டில் பாரிசில் தொழில் செய்த ரிஷார் டி மோன்பாஸ்தோன், ழான் டி மோன்பாஸ்தோன் தம்பதியரின் பட்டறையோடு இணைத்துச் சொல்லப்படும் ரோஜாச் சுவடி அது. கணவர் இறந்த பின் 1353இல் மனைவி ழான் தாமே பாரிஸ் பல்கலைக்கழகத்தின் முன் நூல் வணிகராக உறுதிமொழி எடுத்துக்கொண்டார். 77ஆம் தாளின் பின்பக்கத்தில், கீழ் விளிம்பில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சாய்மேசை முன் வேலை செய்கிறார்கள். முடிந்த தாள்கள் பின்னால் காயத் தொங்குகின்றன. இதே சுவடியின் விளிம்புக் காட்சிகள் சில இடங்களில் பக்க வரிசைப்படி தொடராமல் விரிதாளின் வரிசைப்படி தொடர்கின்றன. வாசகருக்குத் துண்டு துண்டாகத் தெரிவது ஓவியரின் மேசையில் ஒரே ஓட்டமாக இருந்திருக்கிறது.

ஆகவே விளிம்புப் படம் ஒன்று மேலே உள்ள கதையோடு ஒட்டவே இல்லை என்றால், அதே விரிதாளின் மறுபாதியைத் திறந்து பாருங்கள். கட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரிய, தாளின் அடியில் அடுத்த கட்டின் முதல் சொல்லை எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். கட்டின் கடைசித் தாளின் பின்பக்கத்தில் அது இருக்கும்.

எழுத்துக்கும் படத்துக்கும் இடையே காலமும் ஓடியிருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் உள்ள அலெக்சாண்டர் கதைச் சுவடியில் (பாட்லி 264) எழுத்து வேலை 1338 டிசம்பர் 18 அன்று முடிந்தது, ஓவியம் 1344 ஏப்ரல் 18 அன்று ஜெஹான் டி கிரீஸ் கையால் முடிந்தது என்று சுவடியே சொல்கிறது. இடையில் ஐந்தாண்டுக்கு மேல். பிற்காலத்தில் இங்கிலாந்தில் ஒருவர், கதையில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது, அது நூலின் கடைசியில் ஆங்கிலச் செய்யுளாக இருக்கிறது என்று ஒரு குறிப்பும் சேர்த்துவிட்டார். அந்தச் சுவடி ஒரே மூச்சில் உருவானதாக எண்ணிக்கொண்டு படித்தால் ஒவ்வொரு பக்கமும் குழப்பும்.

ஐந்தாம் படி: இப்போது கதையோடு ஒப்பிடுங்கள்

கணினியில் ஓர் அட்டவணையைத் திறந்து, ஒவ்வொரு படத்துக்கும் இவற்றை நிரப்புங்கள்: தாள் எண், பத்தி, உயரம் (வரிக்கணக்கில்), சிவப்பு வரி அப்படியே, படத்தில் இருப்பவர்களும் பொருள்களும், அந்தக் காட்சி வரும் கதை வரி எண், வேறுபாடு. படத்தில் தெரிவதை மட்டும் எழுதுங்கள். 'லான்ஸலாட்' என்று எழுத அவசரப்படாமல், 'சிவப்புப் பட்டை உள்ள வெள்ளைக் கேடயம் ஏந்திய குதிரைவீரன்' என்று எழுதுங்கள்.

காரணம் இருக்கிறது. உரைநடை லான்ஸலாட்டில் அவனை வளர்த்த ஏரிச்சீமாட்டி அவனுக்கு மூன்று வெள்ளைக் கேடயம் அனுப்புகிறாள். ஒரு சிவப்புப் பட்டை உள்ளது ஒருவனின் கூடுதல் வலிமையைத் தரும், இரண்டு பட்டை இருவரின் வலிமையை, மூன்று மூவரின் வலிமையை. அந்தக் கட்டம்வரை அவனுக்கே தன் பெயர் தெரியாது. ஒரு கல்லறை மூடியைத் தூக்கும்போதுதான் அங்கே எழுதியிருக்கும் தன் பெயரைப் படிக்கிறான். கதை நெடுக அவன் வேறு வேறு கவசத்தில் மறைந்து திரிகிறான். 15ஆம் நூற்றாண்டுச் சுவடிகளிலோ வெள்ளைப் பின்னணியில் மூன்று சிவப்புப் பட்டை அவனுடைய நிலையான சின்னமாகிவிட்டது. கதை அவனை மறைக்கும் இடத்தில் படம் காட்டிக் கொடுக்கிறதா, கதையோடு சேர்ந்து மறைக்கிறதா? சிவப்பு வரி பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுகிறதா? ஒவ்வொரு சுவடியும் ஒவ்வொரு விதம். உங்கள் அட்டவணையில் பெயரை முதலிலேயே போட்டுவிட்டால் இந்தக் கேள்வியே எழாமல் போய்விடும்.

ரோஜாக் கதையில் இதே போன்ற சோதனைக்கு இரண்டு இடம். தோட்ட மதிலின் வெளிப்புறத்தில் வெறுப்பு, பேராசை, பொறாமை, துயரம், முதுமை, வறுமை என்று பத்து உருவங்கள். ஏறக்குறைய 320 வரிக்குள் பத்தும் வந்துவிடுவதால் இந்தப் பகுதியில்தான் படங்கள் நெருக்கமாக இருக்கும். செய்யுள் தெளிவாகச் சொல்கிறது: அவை மதிலில் செதுக்கி வண்ணம் தீட்டிய உருவங்கள். ஆனால் ஓவியர் பலர் உயிருள்ள பெண்களை உட்கார வைத்துவிடுகிறார்கள். பேராசை பெட்டியில் கை வைத்திருக்கிறாள், மதில் எங்குமே இல்லை.

இரண்டாவது இடம் பெல் அக்கேய், அதாவது இன்முக வரவேற்பு என்ற பாத்திரம். பிரெஞ்சில் அந்தச் சொல் ஆண்பால், எனவே செய்யுளில் அவன் ஓர் இளைஞன். அவன் நிற்பதோ ரோஜாவின், அதாவது காதலியின், இசைவுக்கு. சில சுவடிகளில் ஓவியர் அவனைப் பெண்ணாகவே வரைந்துவிட்டார். சொல்லின் இலக்கணத்தைப் பின்பற்றுவதா, அது குறிக்கும் ஆளைப் பின்பற்றுவதா என்ற உண்மையான சிக்கல் இது. ஒரே சுவடிக்குள் அவன் உருவம் மாறுகிறதா என்றும் பாருங்கள்.

எதைப் பிழை என்று சொல்லக்கூடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மாவீரன் அலெக்சாண்டர் 14ஆம் நூற்றாண்டுக் கவசத்தில் நிற்பது அக்கால வழக்கம். ஒரே கட்டத்துக்குள் ஒரே ஆள் இருமுறை வந்தால், இரண்டு தருணங்களை ஒன்றாகக் காட்டுகிறார்கள். ரோஜாக் கதையின் முதல் படத்தில் கட்டிலில் தூங்கும் இளைஞனுக்குப் பின்னால் ரோஜாச்செடி படர்ந்து, கால்மாட்டில் டான்ஜியே என்ற முரட்டுக் காவலன் தடியோடு நிற்பது உண்டு. தூங்குகிறவன் அறையும் அவன் காணும் கனவும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிட்டன.

படம் கதையிலிருந்து தள்ளி இருந்தால்

சர் கவெய்னும் பச்சை வீரனும் கதைக்கு உலகில் ஒரே ஒரு சுவடிதான் உண்டு: பிரிட்டிஷ் நூலகத்தின் காட்டன் நீரோ ஏ.எக்ஸ்., 1400ஐ ஒட்டியது. அதில் உள்ள நான்கு கவிதைகளுக்கும் சேர்த்து 12 படம். கவெய்ன் கதைக்கு உரிய நான்கில் ஒன்று கதைக்கு முன்னால் வருகிறது, மூன்று கதை முடிந்த பிறகு வரிசையாக வருகின்றன. எனவே 'பக்கத்து வரியோடு ஒப்பிடு' என்ற முறை இங்கே செல்லாது. படங்களைத் தனித்தொடராக எடுத்து, 2,530 வரிக் கதையில் எந்த நான்கு தருணத்தைப் பொறுக்கினார்கள், எதை விட்டார்கள் என்று பாருங்கள்.

கவெய்னின் கேடயத்தில் உள்ள ஐந்துமுனை நட்சத்திரத்தை விளக்கக் கவிஞர் வரிக்கு மேல் வரி செலவழிக்கிறார். படங்களில் அது இல்லை. கவெய்ன் தங்கியிருக்கும் கோட்டையின் சீமாட்டி மூன்று காலை அவன் படுக்கையறைக்கு வருகிறாள், படம் ஒன்றுதான். அதில் அவள் குனிந்து தூங்குகிறவனின் முகவாயைத் தொடுகிறாள். படத்தின் மேலே காதல் ஏக்கத்தைச் சொல்லும் இரண்டு வரி எழுதியிருக்கிறது, அது கவிதையில் எங்குமே கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்த யாரோ ஒருவர் அதை வேறொரு காதல் பாட்டாகக் கேட்டிருக்கிறார்.

காணாமல் போனதையும் பதியுங்கள்

படம் இல்லாத இடமும் சான்றுதான். எடின்பரோவில் உள்ள ஆக்கின்லெக் சுவடி 1330களில் லண்டனில் உருவானது. ஆங்கில ரொமான்ஸ்களுக்குப் பெரும் களஞ்சியம். கதைகளின் தலைப்பில் இருந்த சிறு படங்களை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள், ஐந்துதான் மிச்சம். வெட்டிய சதுரத்தின் பின்பக்கத்தில் இருந்த முந்தைய கதையின் வரிகளும் சேர்ந்தே போய்விட்டன. ஒரு கதையின் நடுவில் திடீரென்று பத்துப் பன்னிரண்டு வரி இல்லையென்றால், எழுத்தரைக் குறை சொல்வதற்கு முன் தாளைத் திருப்பிப் பாருங்கள்.

மேலே பூசிய வண்ணமும் உண்டு. பெரி கோமகன் ழான் 1405இல் 300 தங்கக் காசு கொடுத்து வாங்கிய லான்ஸலாட் தொகுதி (பிரெஞ்சு 117-120) பிறகு ழாக் தார்மஞாக் என்ற பிரபுவின் கைக்குப் போனது. 1460களில் அவர் பழைய படங்களின் மேல் புதிதாகத் தீட்டச் செய்தார். அந்தப் படங்களில் தெரியும் உடைகளை வைத்து எழுத்தின் காலத்தை முடிவு செய்தால் அறுபது ஆண்டு தவறும்.

ஓரக் குறிப்புகளைத் தேட, பட உருப்பெருக்கத்தை முழுதாக ஏற்றி, வெளிச்சத்தைக் குறைத்து, மாறுபாட்டைக் கூட்டுங்கள். ஓவியருக்கு எழுதிய குறிப்பு ஈயக் கோலால் மங்கலாக இருக்கும். நூல் தைப்பவர் விளிம்பை வெட்டியதில் பாதிச் சொல் போயிருக்கும். பெரிய வண்ண முதலெழுத்தின் பக்கத்தில் பொடியாக அதே எழுத்து இருந்தால், எதை வரைய வேண்டும் என்று எழுத்தர் விட்ட அடையாளம் அது. வண்ணத்தில் உள்ள எழுத்தும் பொடி எழுத்தும் வேறு வேறாக இருந்தால் உங்கள் அட்டவணையில் உடனே குறியுங்கள்: கேட்டது ஒன்று, வரைந்தது ஒன்று என்பதற்கு அந்தப் பக்கத்திலேயே ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.